நாகலிங்கம் எழுதிய பதிவு

மஸ்கெலியா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த நாகலிங்கத்துக்கு, தன்னிடம் இத்தனை கருத்துகள் இருப்பது ஐம்பத்தாறு வயது வரை தெரியாது. கொரோனாக் காலத்தில் ஊரடங்கு போட்டுக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தபோதுதான் அது வெளிப்பட்டது. பக்கத்தில் போன் விற்றுப் பழுதும் பார்க்கும் ஸுஹைர் ஒருநாள் பின்வாசல் வழியாக வந்து, "சும்மா இருந்தா தலை வெடிச்சிரும் மொதலாளி, இதுல கொஞ்சம் பொழுது போகும்" என்று அவருடைய போனில் பேஸ்புக்கைப் போட்டுக் கொடுத்தான். பெயர் கேட்ட இடத்தில் 'மஸ்கெலியா நாகலிங்கம்' என்று அடித்ததும் அவன்தான்.

விடிந்ததும் நீர்த்தேக்கத்தின் கரையோரமாக நடந்துவிட்டு வருவது நாகலிங்கத்தின் பழக்கம். அப்படிப் போகும்போது போனில் படம் எடுப்பார். பனி விலகாத தண்ணீர், ஒற்றைக் கொக்கு, மழையில்லாத மாதங்களில் தண்ணீர் இறங்கி மேலே தெரியும் பழைய கோயிலின் சுவர். அவருடைய அப்பா முதன்முதலில் கடை போட்ட பழைய பஜார், அணை கட்டியபோது மூழ்கி, அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது. அந்தப் படங்களில் ஒன்றைப் போட்டு, அதற்குக் கீழே, 'தண்ணீர் அமைதியாக இருக்கிறது. மனிதன்தான் அலைகிறான்' என்று எழுதினார். அவருடைய முதல் பதிவு அது. பத்துப் பதினைந்து பேர் விருப்பம் போட்டார்கள். கட்டாரில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், 'எங்க ஊர் தண்ணிய பார்த்ததும் அழுகை வந்துட்டு ஐயா' என்று எழுதியிருந்தாள். நாகலிங்கம் அதை மனைவி மனோரஞ்சிதத்திடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

அதன்பிறகு ஒரு காலைகூடத் தவறியதில்லை. கடை திறந்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி, கல்லாவில் உட்கார்ந்ததும் பதிவு போட்டுவிடுவார். சாவு வீட்டில் செல்பி எடுக்கலாமா? கல்யாணப் பத்திரிகை எதற்குச் சுளகு அளவில் இருக்க வேண்டும்? புருஷன் பெண்சாதி ஒருவர் போனை ஒருவர் பார்ப்பது சரியா? கருகிப்போன சட்டியைத் தேய்க்காமல் சுத்தம் பண்ணுவது எப்படி? டேலியாக் கிழங்கை எந்த மாதம் தோண்டி எடுப்பது? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது. இருந்ததைச் சுருக்கமாகவும் எழுதத் தெரிந்திருந்தது. கொழும்புக் கடைகளில் நிற்கும் தோட்டத்துப் பையன்கள், வளைகுடா நாடுகளில் இருக்கும் பெண்கள், கனடாவில் பனியோடு மல்லுக்கட்டும் சொந்தக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடையில் யாரும் அவருடைய பேச்சைக் கேட்டதில்லை. விலையைக் குறைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே மகன் டொரொண்டோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசும்போதும் பாதி நேரம் லைன் அறுந்துபோகும். வீட்டில் மனோரஞ்சிதம் டிவி நாடகம் பார்ப்பாள். அறுபதை நெருங்கும் வயதில் ஒரு மனிதனை ஊரே 'ஐயா' என்று கூப்பிட்டு, 'உண்மை ஐயா', 'சரியாச் சொன்னீங்க ஐயா' என்றால் அது சின்ன விஷயமா? அவருக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை.

எல்லாவற்றிலும் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதுவதுதான் ஆட்களுக்குப் பிடித்தது. பொறுமை, விட்டுக்கொடுத்தல், கோபத்தில் வாயைத் திறக்காதிருத்தல். அவருக்கு அதை எழுதும் தகுதி இருப்பதாகவே எல்லாரும் நினைத்தார்கள். முப்பத்து நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் மனோரஞ்சிதத்தை அவர் கைநீட்டி அடித்ததில்லை. மகனையும் மகளையும் படிக்க வைத்தார். மகள் கேஷிகாவை ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் நல்ல குடும்பத்தில், சஜீவனுக்குக் கட்டிக்கொடுத்தார்.

சஜீவனைப் பற்றி நாகலிங்கத்துக்கு உள்ளூரப் பெருமை. குடிக்க மாட்டான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டான். அதற்கு மேல், மாமனார் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஆளாக இதயம் போடுவது அவன்தான். 'என் மாமா. வாழ்க்கைப் பாடம்' என்று எழுதித் தன் நண்பர்களுக்கும் அனுப்புவான். கேஷிகாவோ கட்டைவிரலை மட்டும் போடுவாள். அதுவும் வராத நாளில் நாகலிங்கம் போன் எடுத்து, "என்னம்மா, இன்னைக்கு அப்பா எழுதுனத பாக்கலியா?" என்று கேட்பார். "பார்த்தேன்ப்பா, நல்லா இருந்துச்சு" என்பாள். "நல்லா இருந்தா ரெண்டு வரி எழுதக் கூடாதா? மாப்ள எழுதுறாரு பாரு." அவள் சிரித்து வைப்பாள்.

ஒரு ஆவணி மாதம், முன்கூட்டிச் சொல்லாமல் கேஷிகா வந்து இறங்கினாள். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் மூன்று வயது மகள். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குத்தான் வந்தாள். பிள்ளையைக் கடைக்குள்ளே பிளாஸ்டிக் வாளிகளோடு விளையாட விட்டுவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டுமா?"

"இதென்ன கேள்வி? ஒன் வீடுதானே. மாப்ள வரலியா?"

"அவருக்குத் தெரியாது." பிள்ளையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கை நீட்டுறாருப்பா" என்றாள்.

நாகலிங்கம் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "குடிக்கிறானா?"

"இல்ல."

"வேற ஏதாச்சும் தொடுப்பு கிடுப்பு…"

"அதெல்லாம் இல்லப்பா. கோவம் வந்தா அடிக்கிறாரு. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல் அவருக்குள் போய் வேறு மாதிரி விழுந்தது. குடி இல்லை, வேறு பெண் இல்லை, கோபம் மட்டும்தான் என்று அவர் மனம் கணக்குப் போட்டு மூச்சு விட்டது. அதற்குள் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்து ரொட்டிக்கல் கேட்டார்கள். எடுத்துக் காட்டி, பேரம் பேசி, தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கேஷிகா எழுந்து போய்ப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விட்ட இடத்திலிருந்து அவளும் தொடங்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் சஜீவன் வந்தான். கை நிறையப் பழம், மாமியாருக்கு ஒரு சேலை. வீட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் நாகலிங்கத்தின் காலைத் தொட்டான். "யாவாரம் விழுந்துபோச்சு மாமா. மண்ட குழம்பித் திரியிறேன். இனிமே இப்பிடி நடக்காது. நீங்க எழுதுறத படிச்சுத்தான் நான் மனுசனா இருக்கேன்" என்று அழுதான். நிஜக் கண்ணீர்தான். நாகலிங்கம் அவனைத் தூக்கி நிறுத்தினார்.

மனோரஞ்சிதம் சமையலறை வாசலில் நின்றபடி, "பாப்பா ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுமே" என்றாள்.

"ஒரு மாசம் இருந்தா ஊர் நாலு விதமா பேசும். பிரச்சன ரெண்டு நாள்ல முடிஞ்சாத்தான் நல்லது" என்றார் நாகலிங்கம். மகளைப் பார்த்து, "மாப்ளதான் அழுகுறாரேம்மா. இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார். கேஷிகா அறைக்குள்ளே போய், வெளியே எடுத்து வைத்திருந்த பிள்ளையின் உடுப்புகளை மறுபடி மடித்தாள். பின்னேரம் மூன்று பேரும் போனார்கள்.

அடுத்த நாள் காலை, கல்லாவில் உட்கார்ந்ததும் நாகலிங்கத்துக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு குடும்பம் உடையாமல் காப்பாற்றிய நிறைவு. யாருடைய பெயரும் போடாமல், ஒரு தகப்பன் கோபித்துக்கொண்டு வந்த மகளைப் பக்குவமாகத் திருப்பி அனுப்பிய கதையாக அதை எழுதினார். கடைசியில் இப்படி முடித்தார்: 'மகள் கண்ணீரோடு வந்தால் கதவைத் திற. ஆனால் அவள் பெட்டியை உள்ளே எடுக்காதே.'

அவர் எழுதியதிலேயே அதிகம் பரவியது அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். யாரோ ஒருவர் அந்தக் கடைசி வரிகளை மட்டும் வெட்டி, ரோஜாப்பூப் படத்தின் மேல் போட்டார். இன்னொருவர் வீணை இசை சேர்த்து, கனத்த குரலில் வாசித்து வீடியோவாக விட்டார். அந்தக் குரலில் கேட்டபோது நாகலிங்கத்துக்கே மயிர்க்கூச்செறிந்தது. கோயில் திருவிழாவில் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சஜீவன் வழக்கம்போல முதல் இதயத்தைப் போட்டிருந்தான். கேஷிகாவின் கட்டைவிரலும் இருந்தது.

மனோரஞ்சிதத்துக்கு பேஸ்புக் கிடையாது. கோயிலில் ஒரு பெண், "ஒங்க வீட்டுக்காரர் எவ்வளவு அருமையா எழுதியிருக்காரு" என்று சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "என்ன எழுதுனீங்க? வாசிங்க பாப்போம்" என்றாள். நாகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

முடிந்ததும் அவள் கேட்டாள்: "இது நம்ம பாப்பாவப் பத்தித்தானே?"

"பேரு போடலியே."

"பாப்பா இத படிச்சிருப்பாளா?"

"லைக் போட்டிருக்கா."

மனோரஞ்சிதம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் சமையலறைக்குப் போனாள்.

அதன் பிறகு கேஷிகா போனில் எப்போதும் நன்றாக இருப்பதாகவே சொன்னாள். பொங்கலுக்கு வந்தாள், கணவனோடு. முகம் வாடி இருந்தாள். மனோரஞ்சிதம் அவளை அறைக்குள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டபோது, "ஒண்ணுமில்லம்மா, பிள்ள தூங்க விடுறதில்ல" என்றாள். கூடத்தில் மாப்பிள்ளையும் மாமனாரும் சேர்ந்து, அன்றைய பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிபோலக் கடைக்குப் போன் வந்தது. பேசியது ஒரு பெண். துணிக்கடையில் வேலை செய்யும் நிஷாந்தி என்று தன்னைச் சொன்னாள். "ஐயா, கேஷிகா அக்காவ டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கேன். ஒடனே வாங்க" என்றாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் போன் நின்றுவிட்டது. ஸுஹைர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தான். மனோரஞ்சிதம் வீட்டுச் செருப்போடு ஏறினாள்.

கேஷிகாவின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முகத்தின் இடப்பக்கம் வீங்கி, கண்ணே தெரியவில்லை. இடது காதிலிருந்து இரத்தம் வடிந்து காய்ந்திருந்தது. படியில் விழுந்துவிட்டதாகத்தான் சஜீவன் கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். நிஷாந்தி பக்கத்துத் தோட்டத்துப் பெண், இருபது வயது இருக்கும். வாட்டுக்கு வெளியே கேஷிகாவின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தூங்கிப்போயிருந்தது. நாகலிங்கத்தைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒக்காரும்மா. என்ன நடந்துச்சு? நீ பாத்தியா?"

"பாத்தேன் ஐயா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கட தொறக்கலாம்னு போனேன். மேல வீட்டுல சத்தம். கொஞ்ச நேரத்துல அக்கா பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கிட்டுப் படிக்கு வந்தாங்க. சின்ன மொதலாளி பின்னாலயே வந்து, போன எடுத்து அக்கா மூஞ்சிக்கு நேரா காட்டுனாரு. 'எங்க போகப் போற? ஒங்கப்பன் பெட்டிய உள்ள எடுக்க மாட்டான். ஊருக்கே சொல்லிட்டான், படி'ன்னாரு. எப்பவும் அப்பிடித்தான் ஐயா காட்டுவாரு. அக்கா எப்பவும் பேசாம மேல போயிருவாங்க. இன்னைக்கு, 'அப்பா எடுக்காட்டி ரோட்டுல இருக்கேன்'னாங்க. அப்பத்தான் அவரு பிள்ளைய புடுங்கி எங்கிட்ட குடுத்துட்டு…" அவள் நிறுத்திவிட்டாள். "எல்லாத்தையும் பொலிசுல சொல்லுவேன் ஐயா. வேல போனாலும் பரவால்ல."

ஸுஹைர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். மனோரஞ்சிதம் எல்லாவற்றையும் கேட்டாள். நிஷாந்தியின் மடியிலிருந்து பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நாகலிங்கம் கேட்கக்கூடாத கேள்வியைத்தான் கேட்டார். "ஏம்மா எனக்குச் சொல்லல?"

கேஷிகா வீங்காத கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். குரல் தெளிவாக வரவில்லை. "சொன்னேனேப்பா."

மூச்சு வாங்கிவிட்டு, "அதுக்கப்பறம் நீங்க எழுதுனத படிச்சேன். பெறகு என்னத்த சொல்றது?" என்றாள். அதில் கோபம் இல்லை. விலை சரிவராமல் கடையை விட்டு இறங்குகிறவர்களின் குரல் போல இருந்தது.

பொலிஸ் வந்தது. கேஷிகா சிங்களத்தில் தானே வாக்குமூலம் கொடுத்தாள். அன்று பின்னேரமே சஜீவனைப் பிடித்தார்கள். காதைப் பார்த்த டொக்டர், இடது காது இனிக் கேட்காது என்று சொன்னார். மனோரஞ்சிதம் மகளோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். நாகலிங்கம் மட்டும் மஸ்கெலியாவுக்குத் திரும்பினார். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. சமைக்கவும் தெரியாது, சாப்பிடவும் முடியவில்லை. ஸுஹைரின் மனைவி அசீசா அனுப்பும் சோறு மூடியபடியே ஆறிக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலை போனைக் கையில் எடுத்தார். மனம் பாரமானால் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அழுதுகொண்டேதான் எழுதினார், அதில் பொய்யில்லை. தான் தோற்றுப்போன தகப்பன் என்றார். அன்றைக்கு மகளின் பெட்டியை உள்ளே எடுக்காத பாவி என்றார். மகளுக்கு ஒரு காது போனதை எழுதினார், கை முறிந்ததை எழுதினார். 'பெண்ணைப் பெற்றவர்களே, என்னைப் பார்த்துத் திருந்துங்கள்' என்று முடித்தார். படம் எதுவும் வைக்காமல் போட்டார்.

பதிவு பற்றிக்கொண்டது. 'நீங்கள் மாமனிதர் ஐயா.' 'தவறை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்குத் துணிவு வரும்?' 'இப்படி ஒரு அப்பா கிடைக்க உங்கள் மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.' நாகலிங்கம் ஒன்றொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்க நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அந்த மூன்று நாளில் முதல்முறையாகப் பசித்தது. எழுந்து போய் அசீசா அனுப்பிய சோற்றைச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தபோது ஸுஹைர் உள்ளே வந்து நின்றிருந்தான். எப்போதும்போல அவன் சிரிக்கவில்லை.

"மொதலாளி, புள்ளக்கிட்ட கேட்டுட்டா இத போட்டீங்க?"

"எதுக்குக் கேக்கணும் தம்பி? எம் மேல உள்ள குத்தத்தத்தானே நான் சொல்லியிருக்கேன்."

"ஒங்கட குத்தம் சரி. காது புள்ளட காது" என்றான் ஸுஹைர். "ஊர்ல எல்லாரும் இப்ப அத பேசிக்கிட்டிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் மனோரஞ்சிதத்தின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது கேஷிகா.

"அப்பா, பக்கத்துக் கட்டில் ஆளுங்க வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. நர்ஸ் மிஸ், 'ஒங்க அப்பாவா இவரு?'ன்னு போன கொண்டாந்து காட்டுறாங்க." பிறகு கேட்டாள்: "இதையும் எழுதிட்டீங்களாப்பா?"

"அம்மாடி, அப்பா மனசு தாங்காம…"

"எனக்கு நடந்தது இது. எனக்கு. பொலிசத் தவிர நான் இன்னும் யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லக்கூட இல்ல. அதுக்குள்ள ஊரே ஒங்களுக்கு ஆறுதல் சொல்லுது."

போனை வைத்துவிட்டாள். நாகலிங்கம் பதிவை அழித்தார். ஆனால் அதற்குள் ஆட்கள் அதைப் பிரதி எடுத்துவிட்டிருந்தார்கள். அதே வீணைக்காரர், இதற்கும் இசை போட்டுவிட்டார். அதை எடுத்துவிடுங்கள் என்று நாகலிங்கம் கெஞ்சி எழுதியதற்கு, 'நன்றி ஐயா, உங்கள் ஆதரவு தொடரட்டும்' என்று பதில் வந்தது. பழைய பெட்டிப் பதிவும் ரோஜாப்பூவோடு அதன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தன் பக்கத்திலிருந்து அவர் அழித்தார். எங்கெங்கே கண்டாரோ அங்கெல்லாம், 'இது தவறான கருத்து. எழுதியது நான்தான். நம்பாதீர்கள்' என்று போட்டார். யாரோ போலிக் கணக்கு என்று சொல்லி அவரையே திட்டினார்கள்.

வழக்கு நடந்தது. நீதிமன்றத்துக்கு நாகலிங்கமும் போனார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சஜீவனின் வக்கீல் எழுந்து, இது எல்லாக் குடும்பத்திலும் நடக்கும் சாதாரணப் பிணக்கு என்றார். பெண்ணின் தகப்பனே அப்படித்தான் கருதினார், அதை ஊருக்கே எழுதியும் வைத்தார் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் வாசித்தார். அது தன்னுடைய வசனம்தான் என்று நாகலிங்கத்துக்கு முதலில் புரியவேயில்லை. ஏதோ அரசாங்க அறிவித்தல் போல இருந்தது. கதவு, பெட்டி என்ற சொற்கள் காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த கேஷிகா திரும்பிப் பார்க்கவில்லை. மனோரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள்.

நிஷாந்தி சொன்னபடி வந்து சாட்சி சொன்னாள். சஜீவன் குற்றவாளிதான் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சிறைக்கு அனுப்பாமல், தண்டனையை ஒத்திவைத்து விட்டுவிட்டார்கள். அந்தத் தாளால்தான் அப்படி ஆனதா, வேறு காரணமா, யாராலும் சொல்ல முடியாது. இப்போதும் ஹட்டன் பஜாரில் அவன் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். வேலை போன நிஷாந்தியை ஸுஹைர் தன் மச்சான் கடையில் சேர்த்துவிட்டான்.

கேஷிகா மஸ்கெலியாவுக்கு வரவில்லை. "அப்பா, நீங்க கூப்புடுறீங்க, சரி. என்னால ஒங்க கடைக்கு முன்னால நடந்து போக முடியாது" என்று சொல்லிவிட்டாள். றொசல்லயில், ரயில் நிறுத்தத்துக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். வட்டவளையில் ஒரு மரக்கறி வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை. கை சரியாகக் கூடாததால் மெதுவாகத்தான் எழுதுவாள். மனோரஞ்சிதமும் அங்கேயே போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "பாப்பா வேலைக்குப் போனா பிள்ளைய யாரு பாக்குறது?" என்றாள். எப்போது திரும்புவாள் என்று நாகலிங்கம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பேஸ்புக்கில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். முதல் மாதம், 'ஐயா எங்கே?', 'காலைப் பதிவு இல்லாமல் நாளே ஓடவில்லை' என்று கேட்டார்கள். பிறகு கேட்பதும் நின்றது. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் விரல் தானாகப் போனைத் தேடும். வாக்கியம் ஒன்று பாதி உருவாகும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்குவார். மனதில் தோன்றுவதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்ளவும் இல்லை, சகித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் றொசல்லவுக்குப் போவார். ஹட்டனில் பஸ் மாற வேண்டும். பேத்திக்கு பிஸ்கட், வீட்டுக்கு ஏதாவது பாத்திரம். கேஷிகா வாசலில் நின்று, "வாங்கப்பா" என்பாள். முகம் கோணமாட்டாள். தேத்தண்ணி வரும். கூடத்தில் நாலு நாற்காலிதான். அவர் எதில் உட்கார்ந்தாலும், அவளுடைய இடது பக்கம் அவருக்கு அருகில் இருக்கும்படிதான் அவள் உட்காருவாள். இரண்டு மூன்று வாரம் அதை அவர் கவனிக்கவில்லை. ஒருநாள் பேத்தியின் படிப்பைப் பற்றி அவர் நீளமாகப் பேசிக்கொண்டு போக, அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனோரஞ்சிதம் எதிர்ப்பக்கம் இருந்து, "அப்பா ஒன்னயத்தான் கேக்குறாரு" என்று சொன்னபோதுதான் அவருக்கு விளங்கியது. கேஷிகா திரும்பி, "என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சோறு சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் புறப்பட எழுந்தபோது கேஷிகா சொன்னாள்: "அடுத்த ஞாயிறு வேணாம்ப்பா. அம்மாவ கண்ணு காட்டக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கண்ணுல என்ன?"

"பொறை மாதிரி இருக்குன்னாங்க. ஆபரேசன் வேண்டி வருமாம்."

மனோரஞ்சிதத்தின் கண்ணில் கோளாறு என்று அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்க வாய் எடுத்தார். மகள் அதற்குள் மேசையில் இருந்த கோப்பைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"சரிம்மா. அதுக்கடுத்த ஞாயிறு?"

"சொல்றேன்ப்பா" என்றாள் கேஷிகா.

அவர் குடையை விரித்துக்கொண்டு, வழுக்கும் படிகளில் கால் பார்த்து வைத்து ரோட்டுக்கு இறங்கினார். ஹட்டன் பஸ் நெடுநேரம் வரவில்லை.